கூவி விற்பதும் கூட இருந்து கற்பிப்பதும்



ஞாயிறுதோறும் இப்பகுதியில் ஒவ்வொரு தொழிலாக எடுத்து, அதன் இயல்பையும் அதற்கு வேண்டிய கல்வியையும் ஆராய்ந்து வருகின்றோம். இவ்வாரம் எடுத்துக்கொண்ட தொழிலின் பெயரைக் கேட்டால் வீட்டிலுள்ள பெரியோர் புருவத்தை உயர்த்துவர். முதன்முதற் கேட்டபோது எனது புருவமும் உயரத்தான் செய்தது.

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலைப்பொழுதிலே, எனது பழைய மாணவன் ஒருவன் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு எமது இல்லம் வந்தான். கணக்கிலே கெட்டிக்காரன், தகவல் தொழினுட்பத்தில் டிப்ளோமாப் பெற்றவன், தந்தையை இளமையிலேயே இழந்தவன். தாயார் தமது கழுத்துச் சங்கிலியை ஈடுவைத்து அவனுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தவர். அம்மையார் தேநீரைக் கையில் வாங்கு முன்னரே வழக்கைத் தொடக்கிவிட்டார்.

"மாஸ்ரர், இவனுக்கு இரண்டு இடத்தில வேலை தரலாம் எண்டு சொல்லியிருக்கினமாம். என்ன வேலையெண்டு கேட்டால் எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறானில்லை. என்ர சங்கிலி பாங்கில கிடக்குது. இவன் வேற ஏதோ சங்கிலி எண்டு கதைக்கிறான். நீங்கள் ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

பையன் வெட்கத்தோடு சிரித்தான். "புளொக்செயின் துறையில டெவலப்பர் றிலேஷன்ஸ், சேர். அதுதான் வேலை" என்றான்.

அவனிடம் அன்று கேட்டறிந்தவற்றையும், பின்னர் அவனோடு பல மாலைகள் கூடியிருந்து கற்றவற்றையும் இங்கே எழுதுகின்றேன். இத்தகைய கேள்வி இன்னும் பல வீடுகளில் எழுந்திருக்கும், இனியும் எழும்.

தொழிலின் தோற்றம்

தையல் இயந்திரம் விற்ற கொம்பனிகள் ஊர்கள்தோறும் தையல் வகுப்பு நடத்தியதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். இயந்திரத்தை வாங்கி வீட்டில் வைத்தால் மட்டும் சட்டை பிறந்துவிடாது. நூல் கோக்கவும், துணியை வெட்டவும், ஊசி முறிந்தால் மாற்றவும் ஒருவர் அருகிருந்து காட்டல் வேண்டும். அவ்வாறு காட்டிய தையல் ஆசிரியையின் தொழிலே கணினி உலகில் டெவலப்பர் றிலேஷன்ஸ் எனப்படுகின்றது. மென்பொருள் ஆக்குவோருடன் உறவு பேணுதல் என்பது அதன் பொருள். நாம் சுருக்கமாக 'ஆக்குநர் உறவு' என்போம்.

சில நிறுவனங்கள் ஆக்கும் பொருளைப் பொதுமக்கள் நேரே பயன்படுத்துவதில்லை. வேறு மென்பொருள் ஆக்குநர்கள் அதனை அடித்தளமாகக் கொண்டு தமது செயலிகளைக் கட்டுகின்றனர். அடித்தளம் எத்துணை உறுதியாயினும், அதன்மேற் கட்டும் முறையை எவரும் அறியாவிடின் வெறுந்தரையாகவே கிடக்கும். ஆகவே, அதனை விளக்கி எழுதவும், கருத்தரங்குகளிற் பேசவும், முன்மாதிரிகள் செய்து காட்டவும், கேள்விகளுக்கு விடையளிக்கவும் ஆட்கள் தேவைப்படுகின்றனர்.

இத்தொழிலுக்கு நாற்பதாண்டு வயதாகின்றது. அமெரிக்காவிலே அப்பிள் நிறுவனம் மக்கின்ரொஷ் கணினியை 1984 சனவரியில் வெளியிட்டது. புதிய கணினிக்கென மென்பொருள் எழுதும்படி பிற நிறுவனத்தாரை இணங்கச் செய்தல் வேண்டுமே! அப்பணியை முதலில் மேற்கொண்டவர் மைக் பொயிச் என்பவர். 1983இல் அவருடன் சேர்ந்த கை கவசாக்கி அதனால் உலகப் புகழ் பெற்றார். அவர்களுக்கு வழங்கிய பதவிப் பெயர் 'இவாஞ்சலிஸ்ற்' என்பதாகும். நற்செய்தி பரப்புவோர் என்பது அதன் பொருள். அந்தப் பெயரிலேயே இத்தொழிலின் ஆற்றலும் ஆபத்தும் ஒருங்கே அடங்கியுள்ளன. நற்செய்தியை மட்டுமே சொல்பவன், கெட்ட செய்தி இருக்கும்போது என்ன செய்வான்?

இந்தப் பேரேடு எத்தகையது?

இனி, அம்மையார் குறிப்பிட்ட 'வேற சங்கிலி'க்கு வருவோம். புளொக்செயின் என்பது ஒரு கணக்குப் பேரேடு. வங்கியின் பேரேடு வங்கியிடம் இருக்கும். இந்தப் பேரேட்டின் பிரதிகளோ உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகளில் உள்ளன. புதிய பதிவுகளை ஒரு கட்டாகக் கட்டி, முந்திய கட்டின் அடையாளத்தையும் அதனுள் பொறித்துவிடுகின்றனர். ஆதலால் பழைய பதிவொன்றை எவரேனும் மாற்றினால், அதற்குப் பின்வந்த கட்டுகள் யாவும் பொருந்தாமற் போய்க் களவு வெளிப்பட்டுவிடும். கட்டுகள் இவ்வாறு கோவையாகத் தொடர்வதனாலேயே சங்கிலி என்ற பெயர் வந்தது.

சற்றோஷி நகமோற்றோ என்ற புனைபெயரோடு ஒருவர் 2008 ஒக்ரோபர் 31ஆம் திகதி வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிற்கொயின் பிறந்தது. அதன் முதற்கட்டு 2009 சனவரி 3ஆம் திகதியைக் கொண்டது. பின்னர், வித்தாலிக் பூற்றரின் என்ற இளைஞரின் எண்ணத்தில் உதித்த எதீரியம் 2015 யூலை 30ஆம் திகதி இயங்கத் தொடங்கியது. பிற்கொயின் பெரும்பாலும் பணக்கணக்கு எழுதும் ஏடு. எதீரியத்திலோ நிரல்களையே பேரேட்டில் எழுதி வைக்கலாம். 'இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று எழுதிவிட்டால், எவர் கட்டளையையும் எதிர்பாராமல் அந்நிரல் தன் கடமையைச் செய்யும். இவ்வாறு எழுதுவதற்குச் சொலிடிற்றி என்னும் நிரல்மொழி பெரிதும் பயன்படுகின்றது. எதீரியத்தின் நாணயத்துக்கு ஈதர் என்பது பெயர்.

ஏனைய மென்பொருளிற் பிழை நேர்ந்தால் அடுத்த நாளே திருத்திய பதிப்பை வெளியிடலாம். பேரேட்டில் எழுதிய நிரலை அவ்வாறு எளிதில் அழித்தெழுத இயலாது. அதனுள் இருப்பதோ பிறர் பணம். கற்பிப்பவன் பிழையாகக் கற்பித்தால், கற்றவன் அப்பிழையைக் கல்லில் வெட்டிவிடுகின்றான். இத்துறையில் ஆக்குநர் உறவுத் தொழில் ஏனைய துறைகளிலும் பார்க்கப் பாரமானதாக இருப்பது இதனாலேயே.

ஒரு மாலையிற் கற்றது

"சொல்லுறதை விடச் செய்து பார்ப்பம், சேர்" என்றான் பையன். மறுநாள் விறாந்தையில் இருவரும் கணினியின் முன் அமர்ந்தோம். தொடக்கநிலை மாணவர்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்தோம்.

மெய்யான ஈதரைச் செலவழியாமற் பழகுவதற்கெனச் சோதனை வலையமைப்புகள் உண்டு. அங்கு வழங்கும் ஈதருக்கு விலையில்லை. தண்ணீர்க்குழாய் என்று பொருள்படும் பெயர்கொண்ட தளங்கள் அதனை இலவசமாகச் சொட்டுச் சொட்டாக வழங்கும். அவ்வலையமைப்புகள் பலவற்றுக்குப் புகையிரத நிலையங்களின் பெயர்களை இட்டுள்ளனர். றொப்ஸ்ரன், றிங்கெபி என்பன ஸ்ரொக்கோம் நகரத்தவை, கோர்லி பெர்லினது, செப்போலியா ஏதென்ஸ் நகரத்தது.

எமது வழிகாட்டி கோர்லி வலையமைப்புக்குச் செல்லும்படி கூறிற்று. சென்றோம், குழாயில் நீரில்லை. மீண்டும் முயன்றோம். பிழை எம்முடையதென்று எண்ணி முதற்படியிலிருந்து தொடங்கினோம். இரண்டு மணித்தியாலம் கழிந்தபின்னரே உண்மை தெரிந்தது. கோர்லி 2024ஆம் ஆண்டிலேயே வழக்கொழிந்து போயிற்று. நிலையத்தை மூடிவிட்டார்கள், வழிகாட்டியோ இன்னும் அங்கே பிரயாணச்சீட்டு வாங்கச் சொல்கின்றது!

அவ்விரண்டு மணித்தியாலமும் 'எனக்கு இது விளங்காது போலும்' என்ற எண்ணம் எனது நெஞ்சில் வளர்ந்துகொண்டே இருந்தது. இருபது வருடங்களாகக் கற்பித்துவரும் எனக்கே இந்நிலையெனில், தனியே ஓர் அறையிலிருந்து கற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கதி என்ன? அது வழிகாட்டியைக் குறை கூறாது. தன்னைத்தான் குறை கூறும். கணினியை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடும்.

பையன் எழுந்து போகவில்லை. செப்போலியாவைப் பயன்படுத்தி வேலையை முடித்தான். பின்னர், வழிகாட்டியின் எந்தப் படி பழையது, அதற்குப் பதிலாக என்ன எழுதல் வேண்டும் என்பதைப் பத்து வரிகளில் எழுதி, அதனைப் பராமரிப்போருக்கு அனுப்பினான். இத்துறையின் ஏடுகளிற் பெரும்பாலானவை எவரும் திருத்தம் முன்மொழியக்கூடிய திறந்த ஏடுகள். நான்கு நாள்களில் அவனுடைய திருத்தத்தை ஏற்று, நன்றியும் தெரிவித்திருந்தார்கள்.

"தம்பி, நீ தேடிப் போகும் உத்தியோகத்தை இன்று சம்பளமின்றிச் செய்து முடித்துவிட்டாய்" என்றேன் நான்.

நன்னூலார் கண்ட ஆசிரியர்

நன்னூற் பாயிரத்திலே நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாகின்றன. ஆசிரியராகத் தகாதோருக்குக் கழற்குடமும் மடற்பனையும் பருத்திக் குண்டிகையும் முடத்தெங்கும் உவமையாகின்றன. பவணந்தியார் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் இன்றைய தொழினுட்ப ஏடுகளைப் படித்தவர் போலவே அவர் பேசுகின்றார்.

கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் முன்பின் முறையின்றிக் கொட்டும். முதலிற் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைக்கும் ஏடுகள் கழற்குடங்கள். பஞ்சடைத்த குண்டிகையிலிருந்து பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிடுங்கித்தான் எடுக்கலாம். பத்துப் பக்கங்களைத் துழாவியும் ஒரு விடை அரைகுறையாகக் கிடைக்கும் ஏடுகள் பருத்திக் குண்டிகைகள். கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தாலன்றிப் பயனில்லை. கேள்வி கேட்டவனை 'இதுகூடத் தெரியாதா?' என்று இகழும் வல்லுநர்கள் மடற்பனைகள். பனைநாட்டார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

நம் காலத்தில் டானியேல் புரொசீடா என்பவர் வகுத்த 'டயற்றாக்சிஸ்' என்னும் முறையும் இவ்விடத்தில் அறியத்தக்கது. தொழினுட்ப ஏடுகள் நால்வகைப்படும் என்பது அவர் கொள்கை. கைபிடித்து அழைத்துச் செல்லும் பாடம் ஒன்று. குறித்த ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழி இரண்டாவது. அகராதி போலப் பார்த்தறியும் விபரக்கொத்து மூன்றாவது. ஏன், எதனால் என்று விளங்கவைக்கும் உரை நான்காவது. இவற்றை ஒன்றாகக் குழைத்தால் நான்கும் கெடும். சமையலறைக்கு உவமை கூறின், மகளுக்கு முதன்முறை தோசை சுடக் காட்டுவதும், உப்புக் கூடிய குழம்பைச் சரிப்படுத்தச் சொல்வதும், சரக்குகளின் அளவைப் பட்டியலிடுவதும், மா ஏன் புளிக்கின்றது என்று விளக்குவதும் வேறு வேறு அல்லவா? இத்தொழிலை விரும்பும் மாணவன் முதலில் இவ்வேறுபாட்டைப் பழகுதல் வேண்டும்.

நாவும் செவியும்

கற்பிக்கும் நாவிலிருந்து தவறுவதால் விளையும் கேட்டை உணர்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016ஆம் ஆண்டிலே எதீரியத்தின்மேல் 'த டாவோ' என்ற பெயரில் ஒரு கூட்டு முதலீட்டு நிரல் எழுந்தது. ஏறத்தாழ 15 கோடி டொலர் பெறுமதியான ஈதரை மக்கள் அதிற் சேர்த்தனர். அவ்வாண்டு யூன் 17ஆம் திகதி ஒருவர் அதிலிருந்து சுமார் 36 இலட்சம் ஈதரை வடித்தெடுத்தார். பூட்டு உடைக்கப்படவில்லை. நிரலின் வரிசையிலேதான் ஓட்டை இருந்தது. பணம் எடுக்க வந்தவனுக்கு முதலிற் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர்க் கணக்கிற் கழிக்கும் காசாளரை எண்ணிப் பாருங்கள். அவர் பேனாவை எடுக்கு முன்னரே அவன் மறுபடியும் கையை நீட்டினால்? மீதி குறையாதிருப்பதைக் கண்டு மீண்டும் கொடுப்பார். முதலிற் சரிபார், பின்னர்க் கணக்கிற் கழி, கடைசியிலேதான் பணத்தைக் கொடு என்ற ஒழுங்கு அன்றுமுதல் இத்துறையின் அரிச்சுவடியாயிற்று. அவ்வாண்டு யூலையில் பெரும்பான்மையோர் இணங்கிப் பேரேட்டையே கிளைபிரித்துப் பணத்தை மீட்டனர். இணங்காதோர் பழைய கிளையில் எதீரியம் கிளாசிக் என்ற பெயரோடு நின்றுவிட்டனர். ஒரு குடும்பத்தைப் பாகம் பிரித்தன்றோ அப்பிழையைத் திருத்த நேர்ந்தது!

செவி தவறுவதால் விளையும் கேட்டுக்கும் சான்று உண்டு. பாரிற்றி என்ற நிறுவனம், பலர் சேர்ந்து கையொப்பமிடும் பணப்பை நிரல் ஒன்றை வழங்கியிருந்தது. அப்பணப்பைகள் பல, ஒரே பொது நிரலை நம்பி இயங்கின. 2017 ஓகஸ்ட் மாதத்தில் வெளியார் ஒருவர், அப்பொது நிரலைத் தொடக்கத்திலேயே உரியவாறு பூட்டிவைக்கும்படி ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். அது வசதிக்கான சிறு திருத்தம் என்று கருதப்பட்டுப் பிற்காலத்துக்கென ஒதுக்கப்பட்டது. நவம்பர் 6ஆம் திகதி, பூட்டப்படாத அந்த நிரலை ஒருவர் தமதாக்கி அழித்துவிட்டார். 5 இலட்சத்து 13 ஆயிரம் ஈதருக்கு மேல் எடுக்கவோ கொடுக்கவோ முடியாமல் முடங்கிற்று. அதனை மீட்பதற்கு 2018இல் எழுந்த பிரேரணையும் நிறைவேறவில்லை.

வாயிலிலே ஒருவன் வந்து 'உங்கள் கதவு திறந்திருக்கின்றது' என்று சொன்னான். உள்ளே இருந்தவர் அதனைக் கதவுக்கு வர்ணம் பூசும் யோசனையாக எண்ணிக்கொண்டார். வெளியார் சொல்வதைக் கேட்டு, அதன் பாரத்தை உணர்ந்து, உரியவரின் செவியில் உரிய நேரத்தில் ஏறும்படி சொல்வதே ஆக்குநர் உறவின் மறுபாதி. மேடையிற் பேசும் பாதியை யாவரும் காண்பர். இந்தப் பாதியை எவரும் காணார்; ஆயினும் வீட்டைக் காப்பது இதுவே.

இரண்டு கடிதங்கள்

நிற்க. பையனுக்கு வந்த இரண்டு அழைப்புகளையும் இப்பொழுது பார்ப்போம். நிறுவனங்களின் பெயர் நமக்கு வேண்டா.

முதலாவது நிறுவனம் நல்ல ஊதியம் தருவதாக எழுதியிருந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி அந்நிறுவனமே வெளியிடும் நாணயத்தில். தமிழ் இளைஞர் ஆயிரம் பேரை ஒரு குழுவாகத் திரட்டி, நாள்தோறும் அந்நாணயத்தைப் பற்றி உற்சாகமூட்டல் வேண்டும். பதவியின் பெயர் என்னவோ ஆக்குநர் உறவு அலுவலர். நிரல் எழுதுவதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வரிதானும் இல்லை. இரண்டாவது நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்தது. ஏடுகளைத் திருத்துதல், மாதிரி நிரல் எழுதுதல், கேள்விகளுக்கு விடையளித்தல் என்பன வேலை. ஊதியம் முன்னையதில் மூன்றிலொரு பங்கு.

அம்மையாரின் சங்கிலியை நினைத்தால் முதலாவதே நன்றென்று தோன்றும். அத்தோற்றத்தை நான் இகழவில்லை. வட்டி வளர்வதை அறிந்தவர்களுக்கே வறுமையின் கணக்குத் தெரியும்.

நான் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். எனது சொந்தக் கதை. ஆசிரியனாகிய புதிதில், வகுப்பிலே ஒரு மாணவன் மின்சாரம் பற்றிய ஒரு கேள்வி கேட்டான். விடை எனக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்ல நாணி, வாய்க்கு வந்த ஒரு விளக்கத்தை மிகுந்த கம்பீரத்தோடு கூறினேன். தவணைப் பரீட்சை வந்தது. பதினொரு விடைத்தாள்களில் எனது பொய் அழகான கையெழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் என்னை நம்பினார்கள். அதுவே அவர்கள் செய்த பிழை. பதினொரு பேருக்கும் முன்னால் நின்று திருத்திச் சொன்னேன். அன்று நான் பட்ட வெட்கம் இன்றும் ஆறவில்லை. ஆயினும், திருத்திச் சொல்லும் சுதந்திரம் எனக்கிருந்தது. அது இல்லாதிருந்தால் நான் என்னவாகியிருப்பேன்?

"ஆகவே, தம்பி, இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்பு. 'உங்கள் பொருளில் ஒரு குறையை நான் கண்டால், கற்பவர்களுக்கு அதனை வெளிப்படையாகச் சொல்ல எனக்கு அனுமதி உண்டா?' என்று கேள்" என்றேன்.

இரண்டாவது நிறுவனத்திலிருந்து, முதலிற் பாதுகாப்புக் குழுவுக்கு அறிவித்து, ஓட்டையை அடைத்தபின் வெளியிடும் முறையை விளக்கி நீண்ட விடை வந்தது. முதலாவது நிறுவனத்தின் விடை ஒரே வரி: குழுவின் உற்சாகத்தைக் கெடுக்கும் எதையும் பேசலாகாது.

நிறைகோலின் ஒரு தட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறுப்பவனுக்கு நாம் என்ன பெயர் சொல்வோம்? தான் புகழும் நாணயத்திலேயே கூலி வாங்குபவன், அதன் விலை ஏறவேண்டுமென்று விரும்பாதிருத்தல் அரிது. அவனை நம்பிச் சேரும் ஆயிரம் பேரும் அயலவர், உறவினர், ஒன்றாகப் படித்தவர். 2022 மே மாதத்தில் ரெறா, லூனா என்ற நாணயங்கள் சில நாள்களிலே வீழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரில் எவ்.ரீ.எக்ஸ். என்ற நாணயச் சந்தை முறிந்தது. உலகெங்கும் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அவற்றோடு போயிற்று. இலங்கை மத்திய வங்கியும் இத்தகைய நாணயங்களில் முதலிடுவதன் ஆபத்தைப் பற்றி 2018 முதற் பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. தொழினுட்பத்தைக் கற்பது வேறு. நாணயம் வாங்கி இலாபம் தேடுவது வேறு. முன்னதைச் செய்வதற்குப் பின்னதிலே ஒரு சதமேனும் இடவேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியோர் இதனை நன்கு மனங்கொள்ளல் வேண்டும்.

கற்கும் வழி

இத்துறையை விரும்பும் மாணவர்க்குச் சில சொல்வேன். முதலாவதாக, ஜாவாஸ்கிரிப்ற் போன்ற ஒரு நிரல்மொழியைச் செவ்வனே கற்றபின் சொலிடிற்றிக்குச் செல்லுங்கள். றீமிக்ஸ் என்னும் கருவி இணைய உலாவியிலேயே இயங்குவது. தொடங்குவதற்கு அது போதும். தன் கையால் நிரல் எழுதாதவன் நிரலாளருக்கு ஆசிரியனாதல், நீந்தாதவன் நீச்சல் கற்பித்தல் போலாகும்.

இரண்டாவதாக, வாரந்தோறும் ஒன்றைக் கற்று, கற்றதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அத்துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகின்றார் என்று வாய் திறவாமற் பார்த்திருங்கள். அத்தடுமாற்றமே உங்கள் பாடநூல். ஒவ்வோர் ஏட்டின் தலையிலும் திகதியை இடுங்கள். இத்துறையில் உண்மைகள் விரைவாக மூப்படைகின்றன. எதீரியம் 2022 செத்தெம்பர் 15ஆம் திகதி தன் இயங்குமுறையையே மாற்றிக்கொண்டது. அதற்கு முந்திய எத்தனையோ பாடங்கள் அன்றோடு பழங்கதையாயின.

மூன்றாவதாக, திறந்த ஏடுகளிற் பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள். அத்திருத்தங்கள் உங்கள் பெயரோடு நிலைத்திருக்கும். வேலை கேட்கும்போது அவையே நற்சான்றுப் பத்திரங்கள். இது நம் நாட்டவருக்குப் புதிய வழியன்று. கூகிள் நிறுவனம் 2005இல் தொடக்கிய கோடைகாலத் திறந்த மென்பொருள் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் மிகுதியான மாணவரை அனுப்பியது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

நான்காவதாக, ஆங்கிலத்தைத் திருத்தமாக எழுதப் பழகுங்கள்; கேள்விகளிற் பெரும்பாலானவை அம்மொழியிலேயே வரும். அதனோடு, கற்றதைத் தமிழில் விளக்கவும் பழகுங்கள். தாய்மொழியில் ஒரு பொருளை விளக்க முடியாதவன் அதனை முற்றாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதே எனது அனுபவம்.

இறுதியாக ஒன்று. இத்தொழில் அரசாங்க உத்தியோகம் போல நிலையானதன்று. நாணய விலை சரியும்போது ஆட்குறைப்பு வரும். 2022 யூனில் கொயின்பேஸ் என்ற பெரிய நிறுவனமே ஏறத்தாழ 1,100 பேரை ஒரே முறையில் விலக்கியது. ஆனாற் தெளிவாக எழுதும் கையும், பொறுமையாகக் கேட்கும் செவியும், நிரல் அறிவும் ஒருவனிடம் இருந்தால், புளொக்செயின் துறை இல்லாவிடினும் வேறு துறை அவனை அழைக்கும். கற்பிக்கத் தெரிந்தவனுக்கு உலகில் எங்கும் ஒரு வகுப்பறை உண்டு.

பையன் இரண்டாவது இடத்திலே சேர்ந்துவிட்டான். மூன்று மாதங்கள் சென்றன. சென்ற கிழமை கோயில் வீதியில் அம்மையாரைக் கண்டேன். கழுத்து இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"சங்கிலி மீட்க இன்னும் கொஞ்சக் காலம் செல்லும் போல, மாஸ்ரர்" என்றார். பிறகு சற்றே தயங்கி, "ஆனால் இவன் இப்ப இராத்திரியில ஆரோ ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக்கொண்டிருப்பான். அந்தப் பிள்ளை எந்த நாடெண்டும் தெரியாது. திரும்பத் திரும்பக் கேக்குது. இவன் கோவிக்காமல் சொல்லுறான். நீங்கள் அவனுக்குப் படிப்பிச்ச மாதிரித்தான்" என்றார்.

நான் அவன் பிழைகளுக்கு அந்நாளிற் கோபித்ததுண்டு. அதனை அம்மையாரிடம் சொல்லவில்லை; உங்களிடம் சொல்லிவிட்டேன்.

மீண்டும் அடுத்த ஞாயிறு சந்திப்போம்.